பிஞ்சிலேயே அழுகும் பரங்கி

கே: கொல்லையில் இரண்டு பரங்கிக் கொடி போட்டிருக்கிறேன். எலுமிச்சை அளவு வந்ததும் பிஞ்சு மஞ்சளாகி அழுகி விழுகிறது. உரமாகட்டும் என்று கொடியடியிலேயே போட்டுவிடுகிறேன். இலையெல்லாம் சல்லடை. தினம் காலையில் மருந்தடித்தும் பலனில்லை.
– வாசகி, தேவகோட்டை

ப: ஆச்சி, 'கொடியடியிலேயே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் பழ ஈக்குப் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

விழுந்த பிஞ்சை அரிவாள்மனையில் பிளந்து பாருங்கள். வெள்ளைப் புழு நெளியும். தரையில் விட்டால் துள்ளும். தோலில் ஈ ஊசிபோல் குத்தி முட்டையிட்ட இடத்தில் பிசின் முத்தாக உறைந்திருக்கும். அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக எழுந்து அதே கொடிக்கு வரும். ஆகவே விழுந்ததைத் தினம் பொறுக்கி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் வெயிலில் போட்டு வையுங்கள். கொடியடி மண்ணையும் வேர் அறுபடாமல் கிளறிவிடுங்கள்.

புழுவே இல்லாமல் நுனி சுருங்கியிருந்தால் பூச்சியைத் திட்டாதீர்கள். மகரந்தம் சேரவில்லை. பெண் பூ விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மருந்தடித்தால் தேனீ எப்படி வரும்? ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் நீங்களே தடவிவிடுங்கள். பூ வாடியதும் பிஞ்சுக்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். நான் அப்படித்தான் காப்பாற்றுகிறேன். (கண்டாங்கியைக் கிழித்துவிடாதீர்கள், அது கனம்.)

இலையைச் சல்லடையாக்குவது ஆரஞ்சு நிற வண்டு. விடிகாலையில் மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டிவிட்டால் போதும். எங்க அப்பத்தா பனி ஈரம் காயுமுன் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். இளங்கன்றுக்கு அது நல்ல காவல். மருந்து வேண்டுமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். கந்தகத் தூள் பக்கமே போகாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று நான் ஒரு தடவை தூவி, இலை ஓரமெல்லாம் கருகி, கொடியையே பிடுங்கிப் போட்டேன்.

கே: கருவாட்டுத் தண்ணீர்ப் பொறி வைத்தால் ஈ விழும் என்கிறார்கள். எங்கள் வீடு சைவம். வேறு வழி?
– வாசகர், பள்ளத்தூர்

ப: கருவாடு வைத்தால் ஈக்கு முன்னால் பூனை வந்து நிற்கும், எனக்கு அனுபவம். உரக்கடையில் இனக்கவர்ச்சிப் பொறி (மணத்தால் ஈயை இழுத்துப் பிடிப்பது) கேளுங்கள். பரங்கி, பாகல், புடலைக்கு என்று சொல்லி வாங்குங்கள். மாமரத்துக்கு வைப்பதைக் கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். அதில் விழுவது வேறு ஈ. சரியான பொறியிலும் ஆண் ஈதான் விழும். அதனால் பை கட்டுவதை விட்டுவிடாதீர்கள்.