பறக்கும் டாக்ஸியும் மாநில அரசும்: வாசகர் கேள்விகள், சில பதில்கள்

அமெரிக்க மாநிலங்கள் பறக்கும் டாக்ஸிக்கும் (நேராக மேலெழும்பி ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறிய மின்சார விமானம்) சரக்கு ட்ரோனுக்கும் திட்டம் போடத் தொடங்கியதிலிருந்து இதைப் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வானம் முழுக்க மத்திய அரசின் கையில் என்கிறார்கள். அப்புறம் மாநில அரசு திட்டம் போட என்ன இருக்கிறது?

தரை இருக்கிறதே! எந்த விமானம் பறக்கலாம், யார் ஓட்டலாம், எந்தப் பாதையில் போகலாம் என்பதையெல்லாம் அங்கே எஃப்ஏஏ என்ற மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம்தான் முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரம், இரவு 11 மணிக்கு மேல் ஜெட் விமானம் கிளம்பக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது. 1973இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

ஆனால் இறங்குதளத்தை எந்த இடத்தில் கட்டலாம், பக்கத்து மனையில் எத்தனை மாடி எழுப்பலாம், மின்சாரம் எங்கிருந்து வரும், தீப்பிடித்தால் யார் ஓடி வருவார்கள் என்பவை மாநிலமும் நகரமும் பார்க்க வேண்டியவை. இதில்தான் சிக்கலே. ஒரு நகரம் அனுமதித்து அடுத்த நகரம் மறுத்தால், இரண்டுக்கும் இடையே ஓடும் சேவை எதற்கு? எல்லா ஊர்களும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மாதிரி விதியை எழுதித் தருவது மாநிலம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்று நினைக்கிறேன். செலவும் குறைவு. ஒஹாயோ, யூட்டா இரண்டும் 2022லேயே இதற்கான ஆய்வறிக்கைகளை வெளியிட்டன. ரைட் சகோதரர்களின் ஊரான டேட்டன் ஒஹாயோவில்தான் இருக்கிறது. பறக்கும் டாக்ஸி செய்யும் ஜோபி நிறுவனம் தன் தொழிற்சாலைக்கு அதே ஊரை 2023இல் தேர்ந்தெடுத்தது.

என் வீட்டுக்கு மேலே பறந்தால் தடுக்க முடியுமா?

இதற்கான பதில் ஒரு கோழிப் பண்ணையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட கரோலினாவில் ஒரு பண்ணைக்கு மேலே ராணுவ விமானங்கள் வெறும் 83 அடி உயரத்தில் போய்வந்துகொண்டிருந்தன. சத்தத்துக்கு மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. மொத்தம் 150 கோழிகள் என்று தீர்ப்பில் இருக்கிறது. 1946இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நிலத்தின் உரிமை ஆகாயம் வரை நீளும் என்ற பழைய கொள்கை இன்று எடுபடாது. ஆனால் நிலத்தை ஒட்டி, உரிமையாளர் பயன்படுத்தக்கூடிய உயரம் வரை அது அவருடையதே. ஆகவே அரசு இழப்பீடு தர வேண்டியிருந்தது.

பறக்கும் டாக்ஸி ஆயிரம் அடிக்கு மேல் கடந்து போனால் இந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பெரிதாக உதவாது. தாழப் பறந்து பொட்டலம் இறக்கும் ட்ரோன் விஷயம் வேறு. அந்தச் சில நூறு அடி யாருடையது என்பதில் வழக்கறிஞர்களுக்கு இன்னும் பல வருட வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் வரப்போவது பயணிகள் சேவையா, சரக்கா?

சரக்குதான். ஏற்கெனவே வந்தும்விட்டது. 2019 மார்ச்சில் வட கரோலினாவின் ராலே நகரில், மாநிலப் போக்குவரத்துத் துறையும் சேர்ந்த ஏற்பாட்டில், வேக்மெட் மருத்துவமனைக்கு ரத்த மாதிரிகளை ட்ரோனில் அனுப்பத் தொடங்கினார்கள். பெட்டி விழுந்தால் பெட்டியோடு போகும். மனிதரை ஏற்றும்போது கணக்கே மாறிவிடுகிறது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் பீட்டா நிறுவனம் செய்யும் மின்சார விமானங்களில் ஒரு வகை, சாதாரண விமானம்போல ஓடுபாதையில் ஓடியே கிளம்புகிறது. புது இறங்குதளம் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஏறக்குறைய 5,000 விமான நிலையங்கள் இருக்கின்றன. வழக்கமான பயணிகள் விமானம் வந்து போவது அவற்றில் பத்தில் ஒரு பங்குக்குத்தான். மீதி சும்மா கிடக்கும்போது மாநில அதிகாரிகள் நகர நடுவில் புது இறங்குதளம் என்று கண்ணாடி மாளிகை வரைபடம் காட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?

ஜோபியின் விமானம் ஒரு பைலட், நான்கு பயணிகளுடன் சுமார் 160 கிலோமீட்டர் போகும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. நடைமுறையில் திட்டமிடும் பயணங்கள் இதைவிட மிகக் குறைவு. காரணம் பேட்டரி. எடைக்கு எடை பார்த்தால், விமான எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் நாற்பதில் ஒரு பங்கு அளவுதான் நல்ல பேட்டரி செல்லில் இருக்கும். மோட்டார் அதை வீணாக்காமல் பயன்படுத்துவதால் நிலைமை கொஞ்சம் மேல். எரிபொருள் எரிய எரிய விமானத்தின் எடை குறையும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான். நேராக மேலெழும்பும் அந்த ஓரிரு நிமிடங்கள்தான் பேட்டரியை அதிகம் உறிஞ்சுகின்றன, இறங்கும்போதும் அதேதான். அதோடு எந்த நேரமும் கொஞ்சம் சார்ஜ் கையிருப்பு வேண்டும் என்பது விதி.

சத்தம்?

நாசாவோடு சேர்ந்து ஜோபி செய்த அளவீட்டில், 500 மீட்டர் உயரத்தில் கடந்து போகும்போது தரையில் 45.2 டெசிபல். ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு விமானத்தின் சத்தத்தை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம். மணிக்கு எத்தனை விமானம் என்று கேளுங்கள்.

உயரக் கட்டட மொட்டை மாடிகளை இறங்குதளமாக்கினால் என்ன?

செய்து பார்த்ததுதான். நியூயார்க்கில் பான் ஆம் கட்டட உச்சியிலிருந்து பயணிகள் ஹெலிகாப்டர் ஓடியது. 1977 மே 16 அன்று, மாடியில் விசிறி சுற்றியபடி நின்ற ஹெலிகாப்டரின் சக்கரத் தாங்கி முறிந்து அது சாய்ந்தது. மாடியில் நான்கு பேர் இறந்தார்கள். சிதறி விழுந்த விசிறித் துண்டு பட்டுக் கீழே தெருவில் போன ஒருவரும் இறந்தார். அதோடு அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள்.

இன்றைய இறங்குதள விதிகள் வந்து போகும் பாதையையும் காலியாக வைக்கச் சொல்கின்றன: தளத்திலிருந்து எட்டடி தள்ளிப் போனால் ஓரடி உயரம் என்ற சரிவுக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கிரேன்கூட ஒரு பிரச்சினைதான். அதனால்தான் மாநிலத் திட்டங்களில் கட்டட உயரக் கட்டுப்பாடு முன்வரிசையில் வருகிறது.

பைலட் இல்லாமல் பறக்குமா?

சீனாவில் ஈஹாங் நிறுவனத்தின் இரண்டு இருக்கை விமானத்துக்கு 2023 அக்டோபரிலேயே அந்த நாட்டின் சான்று கிடைத்தது. அதில் பைலட் கிடையாது. அமெரிக்காவில் முதலில் பைலட்டோடுதான். அவர்களுக்கான பயிற்சி விதியையே 2024 அக்டோபரில்தான் எஃப்ஏஏ இறுதி செய்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

மின்வாரியத்திடம் பேசுங்கள். நிஜமாகவே அதுதான் முதல் வேலை. பல விமானங்களை ஒரே நேரத்தில் வேகமாகச் சார்ஜ் செய்ய மெகாவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும். புது இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் கிடைக்க மாதங்கள் அல்ல, வருடங்கள்கூட ஆகலாம்.

அடுத்தது, ஒரே நிறுவனத்தை நம்பிக் கட்டாதீர்கள். பீட்டாவும், பறக்கும் டாக்ஸி செய்யும் ஆர்ச்சர் நிறுவனமும் மின்சாரக் கார்கள் பயன்படுத்தும் சார்ஜிங் முறையையே எடுத்துக்கொண்டன. ஜோபி தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. இதே துறையில் இருந்த ஜெர்மனியின் லிலியம், வோலோகாப்டர் நிறுவனங்கள் இரண்டும் 2024இல் திவால் நடவடிக்கைக்குப் போயின. நிறுவனம் போனாலும் அந்த மின் இணைப்பு கார், பஸ், ஆம்புலன்ஸ் சார்ஜ் செய்யவாவது உதவுமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.