ஸ்டைபண்ட் வருகிறதே, அப்புறம் என்ன கவலை?

"அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டி. ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் ஸ்டைபண்டும் வரும். அப்புறம் வெளிநாட்டு மாணவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அட்மிஷன் கடிதம் கைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, வாழ்த்துகள். நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், மூன்றாம் வருடம் வரை.

என் துறை மூலக்கூறு உயிரியல். முதல் வருடம் மூன்று லேபில் ரொட்டேஷன், அதாவது கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொரு லேபிலும் கொஞ்ச காலம் வேலை பார்ப்பது. ஒரு கைடு அவ்வளவு பிரபலமில்லை, ஆனால் தினமும் பெஞ்சுக்கு வந்து, டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லை எட்டிப் பார்ப்பார். இன்னொருவர் பெரிய பெயர். நான் பெரிய பெயரைப் பிடித்தேன். அவருடைய கிராண்ட், அதாவது ஆய்வுக்காக அவர் வெளியிலிருந்து வாங்கும் நிதி, எப்போது முடிகிறது என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவோ என்று கூச்சம்.

ஆய்வு கிராண்ட் பெரும்பாலும் 4, 5 வருடத்துக்குத்தான். பிஎச்டியோ 5, 6 வருடம் இழுக்கும். நான் போய்ச் சேர்ந்தபோதே அந்தப் பணத்தில் பாதி தீர்ந்திருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. "அடுத்த செமஸ்டரிலிருந்து ஆர்.ஏ. இல்லை, டி.ஏ. பார்த்துக்கொள்" என்று இரண்டு வரியில் ஒரு மெயில். ஆர்.ஏ. என்றால் கைடின் கிராண்டிலிருந்து சம்பளம் வரும் ஆய்வு உதவியாளர் வேலை; டி.ஏ. என்றால் இளங்கலை மாணவர்களுக்குக் கற்பிக்க உதவித் துறையிடம் சம்பளம் வாங்கும் வேலை.

என்னோடு சேர்ந்த அமெரிக்கப் பையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. அவனிடம் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) தரும் ஃபெல்லோஷிப் இருந்தது, மூன்று வருடப் பணம். அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச், மாணவர் பயிற்சிக்காகத் தரும் டிரெய்னிங் கிராண்டும் அப்படியே. வெளியே வேலை பார்க்கலாமென்றால் எஃப்-1 மாணவர் விசா விடாது. வகுப்பு நடக்கும் காலத்தில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்தான், அதை டி.ஏ.வே தின்றுவிடும். படிப்பை விட்டுவிடலாமென்றால், முறைப்படி சொல்லிவிட்டு விலகினாலும் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள்தான். படித்து முடித்தவருக்கு 60 நாள். நான் இருந்த காலத்து விதி இது, இப்போதையதை சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, பகலில் இளங்கலை மாணவர்களுக்கு பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், லேப் ரிப்போர்ட் திருத்தினேன், இரவில் என் செல் கல்ச்சர், அதாவது தட்டில் செல்களை வளர்க்கும் வேலை. செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அது வளரும் திரவமான மீடியாவை மாற்றியே ஆக வேண்டும்.

"எல்லா கைடும் அப்படியா? நீ ஒழுங்காக வேலை செய்திருக்க மாட்டாய்" என்று சிலர் கிளம்பி வருவார்கள். ஐயா, அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. கிராண்ட் போனது அவர் தப்புமில்லை. ஒரு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். டி.ஏ. செய்துகொண்டே ஜோராக முடித்தவர்களும் உண்டு. நானும் முடித்தேன், ஆறரை வருடத்தில்.

நீங்கள் ரொட்டேஷனிலேயே கேளுங்கள்: கிராண்ட் எந்த வருடம் முடிகிறது, முடிந்தால் துறை எத்தனை வருடத்துக்கு டி.ஏ. தரும் என்று. நேரில் கேட்கக் கூச்சமா? உயிரியல், மருத்துவப் பக்கம் என்றால் என்ஐஎச் ரிப்போர்ட்டர் தளத்தில் கைடின் பெயரைப் போடுங்கள். எந்த கிராண்ட், என்றைக்கு முடிகிறது எல்லாம் பொதுவில் கிடக்கிறது. எனக்கு அது தெரியவந்தது நான்காம் வருடத்தில்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. சாம்பிள் வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று என் எட்டு மாத சாம்பிளை ஒரு புண்ணியவான் எடுத்துக் குப்பையில் போட்டான். "யாருடையது என்று தெரியவில்லை" என்றான். டப்பாவின் மூடியிலும் பக்கவாட்டிலும் பெயர், தேதி இரண்டும் எழுதியிருந்தேன். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான்.