ஈறு வலியும் ‘டிரெஞ்ச் மவுத்’ என்ற பெயரும்

கேள்வி: எனக்கு 24 வயது. தேர்வுக்காகப் பல இரவுகள் சரியாகத் தூங்கவில்லை, புகைப்பழக்கமும் உண்டு. மூன்று நாட்களாக ஈறுகளில் கடும் வலி, இரத்தக்கசிவு, தாங்க முடியாத வாய் நாற்றம். பல் மருத்துவர் ‘டிரெஞ்ச் மவுத்’ என்கிறார். இதற்கு ஏன் இந்தப் பெயர்? என் அறைத் தோழருக்கும் தொற்றுமா?

பதில்: முதல் உலகப் போரில் (1914–1918) மாதக்கணக்கில் பதுங்குகுழிகளுக்குள் கிடந்த படைவீரர்களிடையே இந்நோய் பரவலாகக் காணப்பட்டதால், பதுங்குகுழியைக் குறிக்கும் ‘டிரெஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. நோய் அதற்கும் முந்தையது. 1890களிலேயே பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட் இதில் காணப்படும் கிருமிகளை விவரித்திருந்ததால், ‘வின்சென்ட் நோய்’ என்றும் சொல்வதுண்டு. ஒரே குழியில் இருந்த பலருக்கும் வந்ததைக் கண்டு அப்போது இதைத் தொற்றுநோய் என்றே எண்ணினார்கள். உண்மையில் அவர்களிடையே பொதுவாக இருந்தவை தூக்கமின்மை, மன அழுத்தம், சத்துக்குறைவு, புகையிலை, பல் துலக்க வழியின்மை ஆகியவையே. இவற்றால் ஈறுகளின் எதிர்ப்புச் சக்தி குறையும்போது, வாயில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் பெருகித் திசுவை அரிக்கின்றன. ஆகவே உங்கள் தோழர் அஞ்ச வேண்டியதில்லை.

கண்ணாடியில் பார்த்தால், இரு பற்களுக்கு நடுவே கூம்பாக இருக்க வேண்டிய ஈறு குடைந்தெடுத்தாற்போல் பள்ளமாகி, அதன்மேல் சாம்பல் நிறப் படலம் படிந்திருப்பது தெரியும். அதைத் துடைத்தால் இரத்தம் கசியும். சாதாரண ஈறு வீக்கத்தில் இந்தப் பள்ளமும் இல்லை, இவ்வளவு வலியும் இல்லை.

மரத்துப்போகும் மருந்திட்டுப் பல் மருத்துவர் செய்யும் சுத்தம்தான் இதற்கு முதன்மைச் சிகிச்சை. வலியால் துலக்க முடியாத நாட்களில் 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலால் காலையும் இரவும் கொப்பளிக்கலாம். காய்ச்சலோ, தாடைக்கடியில் நெறிகட்டுதலோ இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரை தரப்படும்; அதை உட்கொள்ளும் நாட்களில் மது கூடவே கூடாது.

பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வலி தணிந்துவிடும். பலர் அத்துடன் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். பற்களில் படிந்த காரை முழுமையாக நீக்கப்படாவிட்டால் நோய் திரும்பும். அரித்துப்போன ஈறு எப்போதும் பழையபடி வளர்வதில்லை. புறக்கணித்தால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையலாம். புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். சிகிச்சைக்குப் பிறகும் மீண்டும் மீண்டும் வந்தால், இரத்தச் சர்க்கரை, எச்.ஐ.வி. உள்ளிட்ட பரிசோதனைகளைத் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.