பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் குடும்பத்தோடு நடை

அன்புள்ள ஐயா,

தை மாதத்தில் பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்திருக்கிறோம். அறுபத்தைந்து வயது அம்மா, எட்டு வயது மகன் உட்பட ஆறு பேர். நாளுக்கு 30 கிலோமீட்டர் வீதம் மூன்றே நாளில் போய்விடலாம் என்கிறான் தம்பி. வைகைக் கரையோரமாகவே நடக்கலாமா? அம்மா செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டியிருக்கிறார். தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரையும் பார்க்க ஆசை.

பரமக்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி போடுவது இளவட்டக் கணக்கு. பெரியவரும் பிள்ளையும் இருக்கிற கூட்டம், உட்கார்ந்து எழுவதையும் சேர்த்தால், மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகும். காலை நாலரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் 15 முடித்துவிட்டு, மிச்சத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என ஆறு நாள் நடை. ராமநாதபுரத்தில் ஒரு நாள் ஓய்வு. அதற்குக் குறைத்தால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் படுத்துவிடுவார்.

ஆற்றங்கரை வேண்டாம். கரையெங்கும் சீமைக்கருவேலம். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும், முனை உள்ளே ஒடிந்தால் சீழ் வைக்கும். தார்ச்சாலையிலேயே வாருங்கள், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக. இருட்டில் நடக்கையில் முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் ஒளிரும் பட்டை போட்டுக்கொள்ளட்டும். சாமான் மூட்டையை வண்டியில் முன்னால் அனுப்பிவிடுங்கள்.

அம்மாவின் வேண்டுதல் பற்றி. ஒன்பது மணிக்கு மேல் தார் சுடத் தொடங்கும். ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கும் இடத்தில் அதன்மேல் நடந்தால் சூடு குறைவு. மண் ஓரத்தில் இறங்கினால் நெருஞ்சி. ஊசி, இடுக்கி, டெட்டால் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். மற்றவர்களுக்குப் பழகிய கேன்வாஸ் ஷூவும் பருத்திக் காலுறையும். புது ஷூ வாங்கிக்கொண்டு கிளம்புவதைப் போல மடத்தனம் வேறில்லை. வேர்வையில் நனைந்த காலுறைக்குள் மணல் புகுந்து உரசுவதால்தான் கொப்புளம் வருகிறது. ஆகவே மணிக்கொரு தரம் கழற்றி உதறுங்கள். எரிச்சல் தொடங்கிய இடத்தில் அப்போதே பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழும்பிவிட்டால் தோலை உரிக்காதீர்கள். அம்மாவுக்கு முடியாத கட்டத்தில் பேருந்தில் ஏற்றிவிடுங்கள், நேர்த்திக்கு ஒரு குறையும் வராது.

இந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. அடிபம்பை நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டிக்கொண்டு கிளம்பி, கடை வரும்போதெல்லாம் நிரப்புங்கள். வெறும் தண்ணீரையே குடித்து நடந்தால் உடம்பில் உப்பு இறங்கிக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதற்கு மேல் உப்புப் போடக்கூடாது, குறிப்பாகப் பையனுக்கு.

தேவிபட்டினம் ராமநாதபுரத்துக்கு வடக்கே, திருப்புல்லாணியும் சேதுக்கரையும் தெற்கே. இரண்டும் நடைவழியில் வராது. ஓய்வு நாளில் வண்டியில் ஒரு திசைக்கு மட்டும் போய்வாருங்கள்.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிழலோ கடையோ கிடையாது. பொழுது புலரும்போது ஏறிவிடுங்கள். குடை உதவாது, காற்று பிடுங்கும். புடவை, வேட்டியை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ரயில் பாலம் பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்களால் நெரிசல் உண்டு, பையன் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாக நடக்கட்டும்.

போய்ச் சேர்ந்த அன்றே தீர்த்தமாட அவசரப்பட வேண்டாம். அக்கினி தீர்த்தத்தின் கடல்நீர் புண்ணில் பட்டால் உயிர் போகும். பிறகு கோவிலுக்குள் 22 தீர்த்தத்துக்கும் ஈரக்கல்லில் வெறுங்காலோடு நடக்கவேண்டும். ஊறின பாதத்தில் கொப்புளம் கிழியும், பெரியவர்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான். ஓர் இரவு காலுக்கு ஓய்வு கொடுத்து மறுநாள் காலையில் போங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையோடு இருக்கட்டும்.

தை அமாவாசையை ஒட்டி வருவதானால் அறையை முன்பே பிடித்துவிடுங்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் நடக்கவேண்டாம். வெட்டவெளி மணல், பேருந்து இருக்கிறது.