பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடத்தை மனப்பாடம் செய்யாமல் படிக்க முடியுமா? நெடுவினா வந்தால் எல்லாமே குழம்பிவிடுகிறது.

முடியும். காரைக்குடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சமூக அறிவியல் சொல்லித் தருகிறேன். தம்பி, நீங்கள் தேவகோட்டை என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தப் பாடத்தில் பாதி உங்கள் ஊரைச் சுற்றி நடந்ததுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கட்டபொம்மன், வேலு நாச்சியார், மருது சகோதரர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனிக் கதையாகப் படிப்பதில்தான். ஒருவர் கதை இன்னொருவர் கதைக்குள் எங்கே நுழைகிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள், ஆண்டுகள் தானாக வரிசையில் வந்துவிடும்.

1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னரும் வேலு நாச்சியாரின் கணவருமான முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாட்சி கோபால நாயக்கர். ஹைதர் அலியின் உதவியோடும் மருது சகோதரர்களின் துணையோடும் 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்கிறார். அதே கோபால நாயக்கர் பின்னால் கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர்களின் திண்டுக்கல் கூட்டமைப்புக்குத் தலைவராக மறுபடியும் வருவார். கைடுகளில் இதை அழுத்திச் சொல்வதில்லை.

அடுத்தது வரி. 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் (பாளையக்காரர்கள் ஆண்ட சிறு பகுதிகள்) கப்பத்தை வசூலிக்கும் உரிமையை ஆற்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் மூண்ட தகராறுக்கு வேர் இதுதான். கடைசியில் 1799இல் கயத்தாறில் தூக்கு.

இனி நம்ம பக்கம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, அண்ணனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அது மே மாதம் விழுந்ததும் அவர் வந்து சேர்ந்த இடம் சின்ன மருதுவின் சிறுவயல். (மஞ்சுவிரட்டு நடக்கும் சிராவயல் வேறு, இது கல்லல் பக்கம் இருக்கும் அரண்மனை சிறுவயல்.) ஊமைத்துரையை ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி. மருதுகள் மறுத்துவிட்டார்கள். 'தென்னிந்தியக் கிளர்ச்சிக்கான காரணங்கள்' என்று கேட்டால் இதை விடாமல் எழுதுங்கள்.

ஜூன் 16 அன்று மருதுகள் வெளியிட்ட திருச்சிப் பிரகடனம் சாதி, மதம் பாராமல் எல்லோரையும் ஆங்கிலேயருக்கு எதிராக ஒன்றுசேர அழைத்தது. திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டியிருந்தார்கள். வெள்ளையருக்கு இடம் கொடுத்தார் என்று நவாபையும் அது சாடுகிறது. அதை அவர் அரண்மனைச் சுவரிலேயே ஒட்டிய துணிச்சலைப் பாருங்கள்!

கம்பெனிப் படை நெருங்கியதும் மருதுவின் ஆட்கள் சிறுவயலுக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கர்னல் அக்னியூ ஒரு மாதம் போல மல்லுக்கட்டினார். முடியவில்லை, கைவிட்டார். இன்று கல்லல் பக்கம் வெட்டவெளியைப் பார்க்கும் பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள். அந்த அடர்ந்த காடுதான் மருதுகளுக்கு அரண்.

அப்புறம் ஏன் தோற்றார்கள்? புதுக்கோட்டைத் தொண்டைமான் கம்பெனி பக்கம் நின்றார். கம்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் வாரிசாக அறிவித்து, மருதுகளுக்கு இருந்த ஆதரவை உள்ளுக்குள்ளேயே பிளந்தார்கள். அக்டோபர் 1இல் காளையார்கோவில் விழுந்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதுகளைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்கு முடிவு பாஞ்சாலங்குறிச்சியில்.

ஐந்து மதிப்பெண் விடைக்கு வரி, அடைக்கலம், பிரகடனம், காடு, பிளவு என்ற வரிசை போதும். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைப் பினாங்குக்கு நாடு கடத்தியதையும் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு மதிப்பெண் வினாவாகவும் அது வரலாம்.