கேட்டதும் சொன்னதும்: ஜெபிக்க வாயே வராதபோது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே வேதனையைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

போர்வெல் வற்றிவிட்டது. தக்காளி போட்டதில் பறிகூலிகூடக் கட்டவில்லை. வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். மூன்று வருடமாக ஜெபிக்கிறேன். இப்போது முழங்கால் போட்டால் வாயே வரமாட்டேன் என்கிறது. ‘உனக்கு விசுவாசம் பத்தவில்லை’ என்கிறார் ஜெபக்குழு அக்கா. உண்மையா?
– வாசகி, பாலக்கோடு

இல்லை, சகோதரி. பேய்பிடித்த மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொன்ன அதே மூச்சில் ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்றும் கதறினான் (மாற்கு 9:24). முதலில் விசுவாசத்தைத் தேற்றிக்கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையன் குணமானான். எபிரெயர் 11-ஐப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் 34-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். 35-இலிருந்து 39 வரை வீட்டில் வாசித்துப் பாருங்கள். விசுவாசத்தினால் நற்சாட்சி பெற்றும், வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலே போனவர்களின் பட்டியல் அது.

இனி, வாய் வராத விஷயம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நாம் ஆராதனையில் பாடுவதோ துதிச் சங்கீதங்களைத்தான். அதனால் புலம்புவதும் ஜெபம்தான் என்பதே பலருக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்டுவிடுகிறான் தாவீது. அதன் போக்கிலேயே நீங்களும் ஜெபிக்கலாம்.

ஒரு பழைய நோட்டு போதும், தினமும் அரைப் பக்கம். முதல் வரியில் தேவனைக் கூப்பிடுங்கள். அடைமொழிகள் வேண்டாம், ‘கர்த்தாவே’ போதும். அடுத்தது முறையீடு. ‘என் கஷ்டங்களெல்லாம்’ என்று மொத்தமாக எழுதினால் மனசு இறங்காது. எந்தக் கடன், எவ்வளவு, யார் வாசலில் நின்று என்ன கேட்டார், பிள்ளையின் ஃபீஸ் எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும் என்று பெயரும் தொகையுமாக எழுதுங்கள். மூன்றாவது, ஒரே ஒரு விண்ணப்பம், இந்த வாரத்துக்குள் பதில் தெரியக்கூடியதாக. ‘எல்லாக் கடனையும் தீரும்’ என்பதைவிட ‘வெள்ளிக்கிழமை மேஸ்திரி அவருக்குச் சம்பளம் கொடுக்கும்படி செய்யும்’ என்பது மேல். நிறைவேறினால் தேதி போட்டு ஒரு கோடு இழுங்கள். நிறைவேறாவிட்டால் அதையும் மறைக்காமல் குறியுங்கள். கடைசியில், ‘உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்ற ஐந்தாம் வசனம். அதைச் சொல்ல மனம் வந்தால் எழுதுங்கள். வராத நாளில் இடத்தைக் காலியாக விடுங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படுத்துக்கொண்டு இரவில் இதைச் செய்யவே கூடாது. விடியற்காலையிலோ விளக்கு வைக்கும் நேரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மனசுக்குள்ளேயே ஓட்டுகிற முறையீடு ஜெபமாக நிற்காது, கவலையாகச் சுழல ஆரம்பித்துவிடும். ‘எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்’ என்று தாவீதே அந்தச் சுழலைச் சொல்கிறான். எழுதியதைத் தாழ்ந்த குரலில் வாய்விட்டு வாசியுங்கள். நோட்டை மூடிவிட்டு எழுந்து ஏதாவது கைவேலை செய்யுங்கள்.

வழக்கமாக இது எங்கே கெட்டுப்போகிறது என்றால், முறையீட்டைத் தாண்டிக் குதித்து ஸ்தோத்திரத்துக்குப் போய்விடுவதில். உள்ளே கசப்பு அப்படியே கிடக்க, வாய் மட்டும் துதிக்கும். நாலு நாளில் அதுவும் வற்றிவிடும். இன்னொன்று, தேவனிடம் சொல்லவேண்டியதைத் தேவனைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களில் முறுமுறுத்ததற்குக் கண்டனம் வந்தது; கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைத் தேவன் முகத்துக்கு நேராகச் சொன்ன மோசேக்குப் பதில் வந்தது (எண்ணாகமம் 11).

எழுதவே முடியாத நாட்களில் வேறொருவர் வாசிக்க நீங்கள் கேட்டால் போதும். நாலு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது ‘அவர்கள்’ விசுவாசத்தை (மாற்கு 2:5). உங்கள் ஜெபக்குழு அக்கா அளவெடுக்காமல் கட்டிலின் ஒரு காலைப் பிடிக்கலாம்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையில் இருந்தது எரேமியா 29:11. ‘எதிர்பார்த்திருக்கும் முடிவை’ தருவேன் என்கிறது. அந்த வருடமே பெங்களூரா ரக மாந்தோப்பு காய்ந்துவிட்டது. வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டதா?
– வாசகர், பர்கூர்

அட்டையில் 11-ஆம் வசனம் மட்டும்தான் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. ‘சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள்’ என்று சொன்ன தீர்க்கதரிசிகளைப் பொய்யர்கள் என்கிறது அந்தக் கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது (29:5). கடிதம் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆகவே, தனியொருவருடைய ஒரு வருட விளைச்சலுக்கு அந்த வசனத்தை உறுதிப்பத்திரமாகப் பிடிக்கக் கூடாது. வாக்குத்தத்த அட்டை கொடுப்பதில் தவறில்லை. அதிகாரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு நெருக்கமான பகுதி எரேமியா 32. எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத் ஊரிலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, முத்திரை போட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். கிரயம் முடிந்த பிறகுதான் அவருக்கே குழப்பம்: பட்டணம் எதிரி கைக்குப் போகிற நேரத்தில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று தேவனிடம் கேட்கிறார் (32:25). உணர்ச்சி ஊறிவரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

தோப்பு விஷயத்துக்கு வருவோம். மொத்த மரத்தையும் வெட்டி விற்றுவிடலாம் என்ற முடிவை இந்தக் கோடையில் எடுக்காதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிற மரம் உயிரோடு இருக்கிறது. இருக்கிற தண்ணீரை அந்த மரங்களுக்கு மட்டும் விட்டு, தூரில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, ஒரு மழைக்காலம் பாருங்கள். பயிர்ச்சேதத்துக்கு மனு கொடுக்க வேண்டுமானால் சிட்டா, அடங்கல், புகைப்படத்தோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு இப்போதே போய்விடுங்கள்.

அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். ‘மாத்திரையும் மிஷினும் அவிசுவாசம்; மூன்று நாள் உபவாசம் இருந்தால் சுகம்’ என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அம்மா நம்பிவிட்டார்.
– வாசகர், ஓசூர்

கூடாது. ஒரு முறைகூட விடக்கூடாது.

சிறுநீரகம் வேலை செய்யாதபோது தண்ணீரும் பொட்டாசியமும் உடம்பிலேயே தங்கும். முறை தப்பினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்; பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். உபவாசத்தை முடிக்கிற விதத்திலும் ஆபத்து உண்டு. இளநீர், வாழைப்பழம், பழச்சாறு எல்லாமே பொட்டாசியம். ‘ஜெபித்த இளநீர்’ என்று யார் கொடுத்தாலும் அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மாவிடம் வாதாடாமல் வேதத்தைத் திறந்து காட்டுங்கள். எசேக்கியாவுக்குச் சுகம் வாக்களித்த ஏசாயாவே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). பவுல் கூடவே ஒரு வைத்தியர் இருந்தார். அந்தப் பவுலே, தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை.

ஒரு முறை என்றால் சுமார் 4 மணி நேரம். அதையே ஜெப நேரமாக வைத்துக்கொள்ளலாம். செல்போனில் ஒலி வேதாகமம் போட்டுக் காதில் மாட்டிவிடுங்கள். செலவு பாரமாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதாரோடு மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

குழுக் கடன் மூன்று ஓடுகிறது. ‘ஆயிரம் ரூபாயை விதைக் காணிக்கையாகக் கொடு, கடன் தீரும்’ என்றார் ஒரு ஊழியர். கட்டலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

வேண்டாம். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே காணிக்கை அங்கீகரிக்கப்படும் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 8:12). கடன் கொடுத்தவன் பிள்ளைகளை அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான் என்று முறையிட்ட விதவையிடம் எலிசா காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததைக்கொண்டு பிழை என்றார் (2 இராஜாக்கள் 4).

நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். ஒரு தாளில் மூன்று கடனின் பாக்கி, தவணை, கிழமை. பக்கத்தில் வீட்டின் மொத்த மாத வருமானம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குத் தரும் நுண்கடனில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அடமானம் கேட்கக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. மிரட்டவோ திட்டவோ கூடாது. மீறினால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. கந்துவட்டி என்றால் அதற்கு 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100. மூன்றாவதை அடைக்க நான்காவது வாங்குவதுதான் குடும்பங்கள் மூழ்குகிற இடம். அதை மட்டும் எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் தற்கொலை செய்துகொண்டான். அவனுக்குத் திருப்பலி வைக்கலாமா என்றே அவன் அம்மா பயப்படுகிறார். அவரிடம் என்ன பேசுவது?
– வாசகி, எலத்தகிரி

வைக்கலாம். பழைய 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் தடை இருந்தது; அந்தப் பயம்தான் ஊரில் இன்னும் நிற்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. இப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து அவநம்பிக்கை கொள்ளக்கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 2283) சொல்கிறது. பங்குத்தந்தையிடம் அந்த அம்மாவை நீங்களே அழைத்துப்போங்கள். தனியாகப் போகத் தயங்குவார்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். ‘கடவுள் சித்தம்’, ‘நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்’ இரண்டும் வேண்டாம். ஏன், எப்படி என்று துருவவும் வேண்டாம். பையன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஊரே அந்தப் பெயரைத் தவிர்க்கும்போது தாய்க்கு அது பெரிய விஷயம். ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்கக்கா’ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். களியும் குழம்பும் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பாத்திரத்தை மறுநாள் எடுக்க வாருங்கள், இரண்டு முறை பார்த்ததாகவும் ஆகும். 30-ஆம் நாள் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அதற்குப் பிந்தின மாதங்கள்தான் கடினம். அவன் பிறந்தநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்துவைத்துப் போங்கள்.

அந்த வீட்டில் மற்றவர்களையும் கவனியுங்கள். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

செத்துப்போனால் தேவலை என்று அடிக்கடி தோன்றுகிறது. இது பாவமா?
– வாசகர், பென்னாகரம்

மோசே, எலியா, யோனா மூவரும் தேவனிடமே அப்படிக் கேட்டார்கள். எலியா சூரைச்செடியின் கீழ் ‘போதும்’ என்று படுத்தபோது அவருக்குக் கண்டிப்பு வரவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் 40 நாள் கழித்து ஓரேப் மலையில்தான், அதன் பிறகு எலிசா என்று ஒரு துணையும் கொடுக்கப்பட்டது (1 இராஜாக்கள் 19).

ஆகவே, இன்றைக்கே ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை, 104-லும் பேசலாம். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை இன்றே வேறொருவர் பொறுப்பில் ஒப்படையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை கொடுத்தால் வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். எங்களுக்கும் மறுபடி எழுதுங்கள், ஆனால் எங்கள் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சபையில் மற்றவர்கள் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததைச் சாட்சி சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடலாம் போலிருக்கிறது. போகலாமா?
– வாசகி, அரூர்

போகலாம். கடைசி வரிசையில் வாசலோரமாக உட்காருங்கள். சாட்சி நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, திருவிருந்துக்கு உள்ளே வந்துவிடுங்கள். போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பதில் கிடைத்தவர்களை மட்டும் மேடைக்குக் கூப்பிடாமல், மாதம் ஒரு ஞாயிறாவது ‘இன்னும் காத்திருக்கிறேன்’ என்பவரும் இரண்டு நிமிடம் பேச இடம் கொடுங்கள். பேசி முடித்ததும் உடனே வசனம் சொல்லித் திருத்தாமல், அவருக்காக ஜெபித்து உட்காரவையுங்கள்.