தலைக்கு 1,065 பொன்: கணினித் தரகரிடம் போவதற்கு முன்

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு விடுமுறையில் ஸ்கைரிம் விளையாடுகிறேன். ஒயிட்ரன் சந்தையில் ஒருவர் சட்டைப்பையில் கைவிட்டபோது பிடிபட்டேன். சண்டையாகி அவர் இறந்துவிட்டார். இப்போது என் தலைக்கு 1,065 பொன் விலை. ஊர்ப்பக்கம் போனாலே காவலர்கள் வாளை உருவுகிறார்கள். மூட்டை நிறையத் திருட்டுச் சாமான் இருக்கிறது. எந்தக் கடையிலும் வாங்க மறுக்கிறார்கள். தூரத்து ஊரில் விற்கலாம், சாட்சிகளைக் கொன்றால் குற்றம் மறைந்துவிடும், சிறைக்குப் போனால் கற்ற திறமையெல்லாம் போய்விடும் என்கிறான் நண்பன். மார்த்தாண்டத்தில் ஒருவர் 500 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் ‘சுத்தம் செய்து’ தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? யாரும் பார்க்காமல் ஒரு குதிரையும் ஓட்டி வந்திருக்கிறேன். அது எனக்குச் சொந்தமாகிவிடுமா?
(குழித்துறை வாசகர்)

பதில்: தம்பி, அந்த 500 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

ஸ்கைரிம் ஒருவர் தனியாக விளையாடும் விளையாட்டு. உங்கள் குற்றக் கணக்கு எங்கோ ஓர் அலுவலகத்துப் பேரேட்டில் இல்லை. உங்கள் கணினியிலேயே, விளையாட்டின் நிலையைச் சேமிக்கும் ஒரு சேவ் கோப்பில் கிடக்கிறது. அதைச் சரிசெய்ய விளையாட்டுக்குள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள். அதற்குச் செலவாவது விளையாட்டுப் பொன்தான், ரூபாய் அல்ல.

நான் நாகர்கோவிலில் கணினி பழுது பார்க்கிறவன். இந்தச் ‘சுத்தம் செய்கிற’ ஆட்களின் கைவரிசை மாதத்துக்கு ஒன்றிரண்டு என் மேசைக்கு வந்துவிடும். எல்லாருக்கும் ஒரே முறைதான். ஒரு கோப்பைத் தருவார்கள். “வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு இதை ஓட்டு” என்பார்கள். நாயைக் கட்டிப் போடச் சொல்கிறவன் எதற்காக வருகிறான் என்று யோசிக்க வேண்டாமா? என் அக்கா மகன் யோசிக்கவில்லை. 300 ரூபாய் கொடுத்தான். அவனுடைய தலைவிலை அன்றே பூஜ்யமானது உண்மைதான். மறுவாரம் அவனுடைய மின்னஞ்சலுக்குள் அவனாலேயே நுழைய முடியவில்லை. அந்தக் கணினியை அழித்துப் புதிதாக ஏற்றி முடிக்க எனக்கு மூன்று இரவு பிடித்தது.

இன்னொரு வகையினர், விளையாட்டுகளை வாங்கி வைக்கும் இணையக் கடையான ஸ்டீமின் கணக்கையே விலைபேசுவார்கள். “எல்லாம் முடித்த கணக்கு, கடவுச்சொல்லோடு தருகிறேன்” என்பார்கள். கணக்கை விற்பது ஸ்டீமின் விதிகளுக்கே விரோதம். நாளைக்கு அது முடக்கப்பட்டால் கேட்க உங்களுக்கு நாதி இல்லை. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைக் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் இணைய மோசடிப் புகார் சொல்லலாம். சின்னத் தொகைதானே, யார் அலைவது என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அந்த அலுப்பில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 1,065 எப்படி வந்தது தெரியுமா? பைக்குள் கைவிட்டதற்கு 25, அடித்ததற்கு 40, கொலைக்கு 1,000. அத்துமீறி ஒரு வீட்டுக்குள் நுழைந்திருந்தால் இன்னும் 5 சேர்ந்திருக்கும். செத்தவர் பிச்சைக்காரரானாலும் கடை முதலாளியானாலும் அதே ஆயிரம்தான். அதைக் காவலர் கையில் எண்ணி வைத்தால் வழக்கு முடிந்தது. இறந்தவர் வீட்டாருக்கு ஒரு காசு போவதில்லை. 2011-இல் வந்த விளையாட்டு இது. 2016-இல் மெருகேற்றி விற்றார்கள், 2021-இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு என்று மறுபடி விற்றார்கள். இந்தக் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை. 1985-இல் வந்த அல்டிமா நான்கு என்ற விளையாட்டில் கண் தெரியாத ஒரு மூலிகைக்காரியிடம் காசு குறைத்துக் கொடுத்தால்கூட உங்கள் நேர்மை குறைந்துவிடும். அந்தக் காலத்துச் சிறிய கணினியில் முடிந்தது இவர்களுக்கு ஏன் முடியவில்லையோ தெரியாது.

போகட்டும். உங்களுக்கு உதவக்கூடிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஸ்கைரிம் நாடு ஒன்பது வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது. தலைவிலை அந்தந்த வட்டாரத்தோடு சரி. கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டினால் சோதனைச் சாவடியும் வேறு, காக்கிச் சட்டையும் வேறு என்பது போல. ஒயிட்ரன் வட்டாரத்தில் நீங்கள் கொலைகாரர். கிழக்கே ரிஃப்டனில் நீங்கள் புதிதாக வந்த ஒரு வழிப்போக்கர். ஆகவே காவலரிடம் போய்ச் சரணடைவதற்கு முன் நேராக ரிஃப்டனுக்குப் போங்கள். இந்த வரிசை முக்கியம். அபராதம் கட்டினாலும் சரி, சிறைக்குப் போனாலும் சரி, உங்களிடம் இருக்கும் திருட்டுச் சாமான் அத்தனையையும் பறிமுதல் செய்துவிடுவார்கள். முதலில் சாமான், பிறகு சரண்.

அதுவரை மூட்டையை வழியில் ஏதாவது பீப்பாயில் ஒளித்து வைக்கலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். விளையாட்டுக் கணக்கில் பத்து நாள் ஆனதும் அந்த இடம் பழையபடி நிரப்பப்படும்; உங்கள் வெள்ளித் தட்டுகள் இருந்த இடத்தில் நாலு முட்டைக்கோஸ் கிடக்கும். உங்களுடன் துணையாக வருகிற ஆள் இருந்தால் அவர் கையில் கொடுங்கள். அவரை யாரும் சோதிப்பதில்லை.

ரிஃப்டன் வாசலிலேயே ஒரு காவலன் ‘நுழைவு வரி’ கேட்பான். கொடுக்காதீர்கள். அது அரசாங்க வரி அல்ல, அவன் சொந்த வசூல். இது பகல் கொள்ளை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் வாசகம் திரையில் வரும் பதில்களில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கதவைத் திறந்துவிடுவான். உள்ளே சந்தையில் பிரின்யோல்ஃப் என்பவர் உங்களை அழைப்பார். மடேசி என்ற நகை வியாபாரியின் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி மோதிரத்தை எடுத்துப் பக்கத்துக் கடைக்காரர் பிராண்ட்-ஷெய்யின் பையில் போடச் சொல்வார். பாவம், ஒன்றும் அறியாத மனிதர் அவர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் திருடர் சங்கத்துக்குள் நுழைய அதுதான் வாசல். சொதப்பினாலும் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த ஒன்றிரண்டு வேலைகளை முடித்தபின் நகரத்துக்கு அடியில் இருக்கும் மதுக்கடையில் டோனிலியா என்ற பெண் உங்கள் சாமானை வாங்கத் தொடங்குவாள். அவளிடம் இருக்கும் பொன்னுக்கும் ஓர் அளவு உண்டு. தீர்ந்துபோனால் விளையாட்டில் இரண்டு நாள் கழித்துப் போங்கள்.

மூட்டையில் இருப்பது எல்லாவற்றையும் அவளிடம் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. ரப்பர் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். யார் மரத்துப் பால் என்று சிரட்டையில் இருக்கும்வரைதான் சொல்லலாம். உறையவைத்து, அடித்து, புகை போட்டு ஷீட்டாக அடுக்கிவிட்டால் அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது? ஸ்கைரிமிலும் அதே கதைதான். திருடிய கோதுமையையும் நீல மலைப்பூவையும் மருந்து மேசையில் வைத்துச் சேர்த்தால் உடல் தேற்றும் மருந்தாக வரும். திருடிய பொருள்மீது விளையாட்டு குத்தும் திருட்டு முத்திரை அந்தக் குப்பியில் இருக்காது. ரிஃப்டன் கால்வாயோரம் எல்க்ரிம் கடையில் அந்த மேசை இருக்கிறது, மருந்தை அங்கேயே விற்றும் விடலாம். திருட்டு இரும்புக் கனிமத்தை உலையில் உருக்கிக் கட்டியாக்கினாலும் அப்படியே. பாலாடைக்கட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம், சாப்பிட்டுவிடுங்கள். வெள்ளித் தட்டு, புத்தகம் போல மாற்ற முடியாதவை மட்டும் டோனிலியாவுக்கு.

உங்கள் நண்பர் சொன்னதைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. மூன்று விளையாட்டுகளை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார். ஸ்கைரிமுக்கு முன் அதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்டில் பொருளுக்கு உரியவர்தான் அதை அடையாளம் காண்பார், தள்ளிப்போய் விற்றால் கேள்வி இல்லை. ஸ்கைரிமில் முத்திரை பொருளோடு ஒட்டிக்கொண்டு நாடு முழுக்க வரும். சிறையில் இருந்தால் திறமையின் அளவே இறங்குவது அதே வரிசையில் 2006-இல் வந்த ஒப்ளிவியனில். ஸ்கைரிமில் நீங்கள் எட்டிய நிலை எட்டியதுதான். அடுத்த நிலைக்காகச் சேர்த்து வைத்த முன்னேற்றம் மட்டும் அழியும். சாட்சி விஷயம் ஸ்கைரிமுக்கு உரியதுதான், பார்த்தவர்களில் கடைசி ஆளும் செத்தால் தலைவிலை நீங்கும். ஒரு வனாந்தரக் குடிசையில் அது நடக்கும். காவலர் நிறைந்த ஒயிட்ரன் சந்தையில் ஒரு சாட்சியை வெட்டும்போது மூன்று புதிய சாட்சிகள் ஓடி வருவார்கள். சிலரைக் கொல்லவே முடியாது, முழங்காலிட்டு மூச்சு வாங்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். 1,065 நாலாயிரமாகும், அவ்வளவுதான்.

இப்போது சரணடைவது. மூட்டை காலியானதும் ஒயிட்ரன் வாசலுக்குப் போங்கள். காவலர் வாளோடு வந்தால் நீங்கள் ஆயுதத்தை உறையில் போட்டுவிட்டு அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் பேச்சுக்கு வருவார். பொன் இருந்தால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் சிறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தால் தண்டனை முடிந்துவிடும்.

ஆனால் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மேற்குக் காவல்கோபுரத்தில் முதல் டிராகனைக் கொன்றுவிட்டீர்களா? கொன்றிருந்தால் ஒயிட்ரன் தலைவர் பல்க்ரூஃப் உங்களுக்கு ‘தேன்’ என்ற பட்டம் கொடுத்திருப்பார். குடிக்கிற தேன் இல்லை. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்து ஆளிடம் ‘தேன்’ என்றால் குழப்பம் வரும் என்பதால் சொல்கிறேன். நம் ஊர்க் கணக்கில் கரைநாதர் மாதிரி ஒரு பதவி. லிடியா என்ற பெண் உங்கள் காவலுக்கு என்று அனுப்பப்பட்டிருந்தால் பட்டம் இருக்கிறது என்று அர்த்தம். பட்டம் இருந்தால் காவலர் மறிக்கும்போது, நான் இந்த வட்டாரத்துத் தேன், வழிவிடு என்ற பொருளில் ஒரு பதில் கூடுதலாகத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் காவலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். பொன்னும் போகாது, சாமானும் போகாது. ஒரு மனிதனைக் கொன்றவருக்கு! பதவி இருந்தால் எங்கும் இப்படித்தான் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், இங்கே அதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, இது அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு முறைதான் செல்லும். ஐந்து பொன் அத்துமீறலுக்கு இதை அவசரத்தில் அமுக்கிச் செலவழித்தவர்கள் ஏராளம், நானும் ஒருவன். பட்டம் ஒயிட்ரனுடையது என்பதால் ரிஃப்டனில் சொல்லிப் பயனில்லை. உள்நாட்டுப் போர்க் கதையில் ஒயிட்ரனின் தலைமையே கை மாறலாம். அதில் இறங்குவதற்கு முன்பே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பதில் வரிசையில் அந்த வாசகம் தெரியவில்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் அபராதத்தைக் கட்டுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கணினியில் டாக்குமெண்ட்ஸ் என்ற கோப்புறைக்குள் மை கேம்ஸ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் ஸ்கைரிம் என்று தொடங்கும் ஒன்று, அதற்குள் சேவ்ஸ். அந்தக் கடைசிக் கோப்புறையை முழுவதும் பென் டிரைவில் போட்டுவிடுங்கள். எது கெட்டாலும் திரும்ப ஒட்டினால் போதும். மார்த்தாண்டத்துக்காரர் 500 ரூபாய்க்கு என்ன செய்வாரோ, அதில் பாதி இதுதான்.

குதிரை உங்களுக்குச் சொந்தமாகாது. நீங்கள் இறங்கி வேறு வேலையைப் பார்த்தால் அது தன் பாட்டுக்குப் பழைய லாயத்துக்குத் திரும்பி நடந்துவிடும். ரிஃப்டன்வரை அதிலேயே போங்கள். வரும்போது வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.